எங்கள் தண்ணீர் என்ன ஆயிற்று?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையின் ஆவணத்தை அழைப்பிதழோடு எனக்கு அனுப்பியிருந்தார்கள். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தமக்குக் கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியிலிருந்து ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்கட்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். இரண்டே நிபந்தனைகள். பேசுபவர் தம் ஆய்வைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களும் வந்து கேட்கும்படி மாலை நேரத்தில் அது நடக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்ற ஒருவர் எதைக் குறையாகக் கண்டாரோ அதையே இந்த இரு நிபந்தனைகளாக எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தக் குறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். என் பேச்சு ஒரு கிணற்றடியில் தொடங்குகிறது.

1. கிணற்றடியில் ஒரு கேள்வி

1990களின் தொடக்கத்தில் நான் நிலவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தடி நீர் என் ஆய்வுப்பொருள். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்று ஊர் ஊராகப் போய்க் கிணற்றிலும் அடிபம்பிலும் நீர் எடுப்பேன். பிளாஸ்டிக் பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, நிரப்பி, மூடி, மேலே ஒரு எண்ணை ஒட்டிப் பையில் வைத்துக்கொள்வேன். ஓர் ஊரில் வயதான பெண்மணி ஒருவர் தாமே வாளியைக் கிணற்றில் விட்டு நீர் இறைத்துக் கொடுத்தார். வெயிலுக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்தார். எதற்காக இந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் கிணற்று நீரில் ஃபுளூரைடு அளவு மிகுதி. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அந்தக் கிணற்றில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் இருந்தது. நான் அதை ஆய்வேட்டின் அட்டவணையில் எழுதினேன். ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டேன். பட்டம் பெற்றேன். வேலையும் கிடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து என் மாணவர்களை அழைத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏம்பா தம்பி, அன்னைக்கு எங்க கெணத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சிக்கிட்டுப் போனியே, அதுல என்னாதான் இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் சேலையைப் பிடித்தபடி பேரன் நின்றிருந்தான். சிரித்தபோது அவன் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. பையன் ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று அந்த அம்மா அவனைக் கடிந்துகொண்டார்.

அவன் எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. பல்லின் எனாமல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் குடித்த தண்ணீர் உள்ளிருந்தே இட்ட கோடு அது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். என் நெறியாளருக்குத் தெரியும். என் ஆய்வேட்டைத் திருத்திய தேர்வாளர்களுக்கும் கட்டுரையை மதிப்பிட்ட வெளிநாட்டு அறிஞர்களுக்கும் தெரியும். அதைத் தினமும் குடிக்கிற குடும்பத்துக்கு மட்டும் தெரியவில்லை.

அன்று அந்தக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து சொல்ல முயன்றேன். சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதும் புரிந்தது. இருபது பக்கம் எழுதியவனுக்கு நான்கு வாக்கியம் வரவில்லை. அந்த நான்கு வாக்கியங்களைத் தேடிப் பல ஆண்டுகள் ஆயின. இன்று இப்படிச் சொல்வேன்: "அம்மா, உங்கள் நிலத்தடியில் இருக்கும் பாறையிலேயே ஃபுளூரைடு என்கிற பொருள் இருக்கிறது; தண்ணீர் பாறையோடு நெடுநாள் கிடந்தால் அது கரைந்து வரும். நிறமோ மணமோ சுவையோ இல்லாததால் குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பல காலம் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை படியும்; பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். காய்ச்சினால் போகாது, தண்ணீர்தான் ஆவியாகும், இது தங்கிவிடும், ஆகவே இன்னும் கூடும்."

அந்த மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஃபுளூரைடு பாதிப்பைக் குறைப்பது அத்திட்டத்தின் முழுப்பெயரிலேயே இருக்கும் நோக்கம். நானும் என்னைப் போன்றவர்களும் எடுத்த அளவுகள் அரசின் கோப்புகளில் உதவியிருக்கலாம். ஆனால் பாட்டிலில் நீர் எடுத்த நாளுக்கும் குழாயில் காவிரி வந்த நாளுக்கும் இடையே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பல் முளைத்து வளர்ந்துவிட்டார்கள்.

இந்தச் சொற்பொழிவில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆய்வு பட்டத்தோடு முடிவதில்லை. எந்த ஊரிலிருந்து, யாருடைய வாழ்விலிருந்து அந்தக் கேள்வி எடுக்கப்பட்டதோ, அவர்களுக்கு விளங்கும் வடிவில் விடை திரும்பிப் போய்ச் சேரும்போதுதான் முடிகிறது.

2. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியில்

விளக்கிச் சொல்வது பிறவியில் வரும் வரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்பதற்கு மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை சான்று.

ஃபாரடே லண்டனில் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகினார். 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டால் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே அங்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இந்த அரங்கில் எரியும் விளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் ஜெனரேட்டர்கள் அனைத்தும் அந்தத் தத்துவத்தில்தான் சுழல்கின்றன. பொதுமக்களுக்கு நடந்த ஒரு சொற்பொழிவு உலகுக்கு ஒரு ஃபாரடேயைத் தந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தக் கடனை அவர் வாழ்நாள் முழுவதும் அடைத்தார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் தொடங்கின. 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை அவற்றை நடத்தியவர் ஃபாரடே. நன்றாகப் பேசுவதற்காகப் பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். வேகமாகப் பேசிவிடுவோம் என்று அஞ்சி, 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தம் கண்முன் வைக்கச் சொன்னார். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி, பத்து வயதுப் பிள்ளைகள் முன் நிற்பதற்கு இவ்வளவு முயற்சி எடுத்திருக்கிறார்.

1860ஆம் ஆண்டின் முடிவில், அறுபத்தொன்பது வயதில், ஆறு சொற்பொழிவுகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. கேட்க வந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் அது இருந்தது. உருகிய மெழுகு திரியின் வழியே எப்படி மேலே ஏறுகிறது என்று கேட்டார். ஒரு தட்டில் உப்புக் குவியலை நிறுத்தி, அடியில் நீலநிற நீரை ஊற்றி, அது குவியலில் மெல்ல மேலே ஏறுவதைக் காட்டினார். சுடரின் நடுவே இருண்டிருக்கும் பகுதியில் ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை வைத்து, மறுமுனையில் வந்த ஆவியைப் பற்றவைத்தார். எரிவது மெழுகின் ஆவிதான் என்று அனைவரும் கண்டார்கள். சுடருக்கு மேல் குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தார். அதில் நீர்த்துளிகள் திரண்டன. தீயிலிருந்து தண்ணீர்! கடைசியில் சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதிப் பால்போலக் கலங்கச் செய்து, மெழுகுவர்த்தியில் நடப்பதற்கும் நம் உடம்பில் நடப்பதற்கும் இருக்கும் உறவைச் சொல்லி முடித்தார்.

இதன் முறையைக் கவனியுங்கள். கேட்பவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றில் அவர் தொடங்குகிறார். நாம் பேசும்போது வரையறையில் தொடங்குகிறோம். அவர் ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியை எழுப்பி, அதைக் கண்ணால் காணச் செய்து, அடுத்த படிக்குப் போகிறார். நாம் முடிவை முதலில் சொல்லி, நம்பும்படி கேட்கிறோம். அவர் அறிவியலை எளிமையாக்கவே இல்லை. தந்துகிக் கவர்ச்சி, ஆவியாதல், ஆக்சிஜனேற்றம், சுவாசம் எல்லாம் அந்தப் பேச்சில் உண்டு. வழியை மட்டுமே அவர் செப்பனிட்டார்.

3. சிவப்புக் குழாயும் பச்சைக் குழாயும்

மெழுகுவர்த்தியைப் பற்றி அறியாதவருக்கு இழப்பு பெரிதில்லை. அறியாமை உயிரைத் தொடும் இடத்துக்கு இப்போது வருகிறேன்.

வங்காளத்தில் குளத்து நீரும் ஆற்று நீரும் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள். அதைத் தடுக்க 1970களிலிருந்து ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கிருமி இல்லாத நீர் கிடைத்தது. ஆனால் கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் இயற்கையாகவே இருந்த ஆர்சனிக் அந்த நீரில் கரைந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கையிலும் உடலிலும் இருந்த புள்ளிகளும் தடிப்புகளும் ஆர்சனிக் நஞ்சால் வந்தவை என்று கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவர் குழுவும் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று நீரையும், மக்களின் முடி, நகங்களையும் சோதித்தார்கள். சோதனை முடிவை உரத்துச் சொன்னதற்காக அவர் பல எதிர்ப்புகளைச் சந்தித்தார். 2018இல் அவர் மறையும்வரை அந்தக் குரல் ஓயவில்லை.

வங்கதேசத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டி நடந்த நாடு தழுவிய சோதனையில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகள் சோதிக்கப்பட்டன. ஆர்சனிக் மிகுந்த குழாய்க்குச் சிவப்பு வண்ணம், குறைந்ததற்குப் பச்சை. 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் குடத்தோடு வந்து நின்றால் விடை அவர் கண்முன்னே இருந்தது. ஓர் ஆய்வு முடிவை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை என்பது என் கருத்து.

டாக்காவுக்கு அருகே ஆராய்ஹாஜார் என்ற பகுதியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வங்கதேச ஆய்வாளர்களோடு சேர்ந்து ஏறத்தாழ 6,000 கிணறுகளைச் சோதித்தார்கள். பக்கத்து வீட்டுக் கிணறுகளுக்குள்ளேயே ஆர்சனிக் அளவு பெரிதும் மாறுவதைக் கண்டார்கள். நச்சுக் கிணறு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நூறு மீட்டருக்குள்ளேயே நல்ல கிணறு ஒன்று இருந்தது. எது எது என்று தெரியாததுதான் சிக்கல். ஆய்வாளர்கள் முடிவைக் கிணற்றிலேயே தகட்டில் எழுதி மாட்டினார்கள், வீட்டாரிடம் விளக்கினார்கள். ஓர் ஆண்டுக்குள், நச்சுக் கிணறு என்று அறிந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வேறு கிணற்றுக்கு மாறியிருந்தார்கள். புதிய எந்திரம் எதுவும் வரவில்லை. பெரும் செலவும் இல்லை. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு செய்தி மட்டுமே.

இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பையில் இருந்த பாட்டில்களில் ஒட்டிய எண்களுக்குப் பதிலாகக் கிணற்றுச் சுவரில் ஒரு சுண்ணாம்புக் குறி இட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

4. மேய்ப்பர்கள் அறிந்திருந்தது

விளக்குவது என்றால் அறிந்தவர் ஊற்ற, அறியாதவர் ஏந்திக்கொள்வது என்று ஒரு எண்ணம் நம்மிடம் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்ப்ரியா மலைப்பகுதி அந்த எண்ணத்தைத் திருத்திய இடம்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. சில நாள்களில் கதிரியக்கச் சீசியம் மழையோடு அந்த மலைகளில் இறங்கியது. ஜூன் மாதம், அங்குள்ள ஆடுகளை விற்கவும் வெட்டவும் அரசு தடை விதித்தது. மூன்று வாரத்தில் தடை நீங்கும், சீசியம் மண்ணில் பிடித்துவைக்கப்படும் என்று விஞ்ஞானிகள் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் கணக்கு களிமண் நிலத்துக்கானது. களிமண் சீசியத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்த மேட்டு நிலம் அமிலத்தன்மை கொண்ட கரி மண். அங்கே சீசியம் பிடிபடாமல் புல்லுக்குள் ஏறி, ஆட்டுக்குள் போய், சாணத்தோடு மீண்டும் மண்ணுக்கு வந்து சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் என்று சொன்ன தடையின் கடைசிப் பகுதி 2012இல்தான் நீக்கப்பட்டது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் அந்த மேய்ப்பர்களிடம் பேசி ஆராய்ந்தார். மேய்ப்பர்கள் அறியாதவர்கள் இல்லை என்று அவர் கண்டார். எந்தச் சரிவில் எந்த ஆடு மேயும், எந்த மாதத்தில் எங்கே இறங்கும், வேலிக்குள் அடைத்தால் ஆட்டின் உடல் எப்படி நலியும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். விஞ்ஞானிகள் ஆடுகளை வேலிக்குள் அடைத்து ஒரு சோதனை நடத்தியபோது, இப்படி அடைத்தால் சரியான முடிவு கிடைக்காது என்று மேய்ப்பர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். கேட்கவில்லை. பின்னர் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. அருகிலேயே இருக்கும் வின்ட்ஸ்கேல் அணு உலையில் 1957இல் நடந்த தீ விபத்தையும் அவர்கள் மறக்கவில்லை. அறிவியலைப் புரிந்துகொள்ள மறுத்தார்கள் என்று அவர்களைக் குறை சொன்னது தவறு. தங்கள் மலையைத் தெரியாதவர் தங்கள் மலையைப் பற்றி உறுதியாகப் பேசியதால்தான் அவர்கள் நம்பிக்கை இழந்தார்கள்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்து பார்க்கிறேன். எங்கள் பகுதிப் பெண்கள் தண்ணீரின் தரத்தை ஒரு சோதனையால் அறிவார்கள்: பருப்பு வேகிறதா? வெந்தால் நல்ல தண்ணீர். வேகாவிட்டால் உப்புத் தண்ணீர். இது மிக நுட்பமான சோதனை. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு வேகாது. ஆனால் கால்சியம் குறைந்த நீரில்தான் பெரும்பாலும் ஃபுளூரைடு கூடுதலாகக் கரைந்திருக்கும். ஆக, பருப்பு நன்றாக வேகும் கிணற்றைத் தேடிப் போனவர்கள் சில இடங்களில் ஃபுளூரைடு மிகுந்த கிணற்றுக்கே போயிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது எந்தக் கருவியும் இல்லை. பருப்பைப் பற்றி ஒரு பாட்டி பேசியபோதுதான் என் அட்டவணையின் இரண்டு பத்திகளை இணைத்துப் பார்த்தேன். அதன் பிறகு ஊர்க் கூட்டங்களில் பருப்பில் தொடங்குகிறேன். "உங்கள் சோதனை சரியானதுதான், ஆனால் அதற்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது" என்று சொன்னால் ஒருவரும் முகம் திருப்புவதில்லை.

5. மலை பற்றிய கேள்வியும் துகள் பற்றிய விடையும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை இந்த மேடையில் பேசாமல் விட முடியாது. விளக்கமும் கேள்வியும் ஒன்றையொன்று சந்திக்காமல் கடந்துபோன இடம் அது.

நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றிய ஆய்வில் இந்தியாவுக்குப் பெருமை உண்டு. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவைக் கண்டறிந்தவர்களில் நம் விஞ்ஞானிகளும் முதல்வர்கள். அந்த மரபைத் தொடர, மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, 50,000 டன் இரும்புக் கருவி வைக்கும் ஆய்வகம் திட்டமிடப்பட்டது. முதலில் நீலகிரியில் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகே இருப்பதால் 2009இல் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலை. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

விஞ்ஞானிகள் பேசாமல் இருக்கவில்லை. கூட்டங்களிலும் பள்ளிகளிலும் தமிழில் விளக்கினார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிப் போகின்றன, அவற்றால் ஒரு தீங்கும் இல்லை என்றார்கள். அது முழு உண்மை. நியூட்ரினோ கதிர்வீச்சால் ஊர் அழியும் என்று பரவிய பேச்சு தவறு. ஆனால் அந்த ஊர்களின் உழவர்கள் கேட்டவற்றில் பல துகளைப் பற்றியவை அல்ல. வெடி வைத்துப் பாறையைக் குடைந்தால் ஊற்று என்ன ஆகும்? அணைகள் தாங்குமா? கட்டுமானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து? மேய்ச்சல் காட்டுக்குள் போகலாமா? நிலவியலாளனாகச் சொல்கிறேன், இவை மதிப்பான கேள்விகள். இவற்றுக்கு எண்களோடும் வரைபடத்தோடும், உடன் நடந்து காட்டியும் விடை சொல்லியிருக்க வேண்டும். இடம் தேர்வாகும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா அருகே இருப்பதைக் கருதி 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மீண்டும் அனுமதி வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் அளித்தது.

திட்டம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நாம் விளக்க விரும்புவதை விளக்குவதும், அவர்கள் கேட்டதற்கு விடை சொல்வதும் வேறு வேறு. முதலாவதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இரண்டாவதன் இடத்தை அது நிரப்பாது.

6. எந்தச் சொல்லால் சொல்வது?

தமிழில் சொல்லலாம், ஆனால் கலைச்சொல் இல்லையே என்பார்கள். வழக்கறிஞராக இருந்த பெ.நா. அப்புசாமி, பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் எழுதினார். கோவையிலிருந்து 'கலைக்கதிர்' என்ற அறிவியல் இதழ் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக 'துளிர்' இதழை நடத்துகிறது. சொல் போதாமல் இவர்கள் நின்றுவிடவில்லை.

கலைச்சொல்லைவிட எனக்குச் சிக்கலாக இருந்தவை மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சொற்கள். 'நல்ல தண்ணீர்' என்றால் ஊரில் உப்பில்லாத தண்ணீர். என் ஆய்வேட்டில் அது கேடில்லாத தண்ணீர். "இது நல்ல தண்ணீர் இல்லை" என்று நான் சொன்னதும், "உப்பே கரிக்காதே" என்று அவர்கள் பதில் சொன்னது நியாயம்தான். ஃபுளூரைடு, ஆர்சனிக் என்ற பெயர்களை அப்படியே சொல்லலாம். சர்க்கரை நோயாளி இன்சுலின் என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளவில்லையா? ஒரு புதுப்பெயரை யாரும் ஏற்பார்கள். பழைய சொல்லுக்கு நாம் வேறு பொருள் வைத்துக்கொண்டு பேசும்போதுதான் பேச்சு முறிகிறது. சுக்கான் பாறை, கரம்பை, களர், ஊற்றுக்கண் என்று மண்ணுக்கும் நீருக்கும் ஊரில் எத்தனை சொற்கள்! ஆய்வாளர் முதலில் அவற்றைக் கற்க வேண்டும்.

சுருக்கிச் சொல்லும் பயிற்சியும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008இல், ஆய்வு மாணவர் தம் ஆய்வேட்டை மூன்றே நிமிடத்தில் பொதுவான அவைக்குச் சொல்லும் போட்டி தொடங்கியது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளிக்கும் நேரத்தை மூன்று நிமிடத்துக்குள் அடக்க மணற்கடிகாரத்தை வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வந்த எண்ணம் இது. இன்று உலகெங்கும் பல நூறு பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. நல்ல பயிற்சி. ஆனால் மூன்று நிமிடம் முடிந்ததும் கைதட்டுகிறார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. நம் ஊர்க் கிணற்றடியில் பேச்சு கேள்வியில்தான் தொடங்குகிறது.

7. என் வேண்டுகோள்

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்தின் கடைசிப் படிக்குப் 'பொது வாய்மொழித் தேர்வு' என்று பெயர். 'பொது' என்ற சொல்லை யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுகிறோம். துறை ஆசிரியர்களும் உடன் படிக்கும் மாணவர்களும் வருகிறார்கள். காபியும் பிஸ்கட்டும் கொடுத்து முடித்துவிடுகிறோம். பொதுமக்கள் என்று ஒருவரும் வருவதில்லை. அவர்களை நாம் அழைப்பதும் இல்லை.

இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாளர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ஆய்வேட்டின் தொடக்கத்திலும் ஒரு பக்கம், பத்தாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும் தமிழில் கட்டாயமாக இருக்கட்டும். தேர்வாளர்கள் அதையும் மதிப்பிடட்டும். இரண்டு, வாய்மொழித் தேர்வின் முதல் இருபது நிமிடம் தமிழில் நடக்கட்டும். ஆய்வு எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊரிலிருந்து இரண்டு பேரையாவது அழைத்து, அவர்களை முதல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஊர்ப் பள்ளியிலேயே நடத்துங்கள். மூன்று, ஊருக்குப் போய் முடிவைச் சொல்லிவரும் செலவை ஆய்வு நிதியில் முதலிலேயே ஒதுக்குங்கள். அந்தப் பயணத்தையும் ஆய்வுப் பணியாகவே கணக்கில் சேருங்கள்.

இதனால் ஆய்வின் தரம் குறையும் என்று அஞ்ச வேண்டாம். நான்கு வாக்கியத்தில் சொல்ல முயன்ற பிறகுதான் என் ஆய்வில் எது உறுதி, எது ஊகம் என்று எனக்கே தெளிந்தது.

பின்வரிசையில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கிணற்றிலிருந்து நீரோ, வயலிலிருந்து மண்ணோ, உடலிலிருந்து இரத்தமோ எடுக்க ஒருவர் வந்தால், எதற்கு என்று கேளுங்கள். முடிவு எப்போது வரும், யார் வந்து சொல்வார் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்த அம்மா கேட்டிராவிட்டால் நான் இன்றும் அட்டவணையோடு நின்றிருப்பேன்.

ஆய்வு மாணவர்களே, நீங்கள் அடுத்த முறை ஒரு கிணற்றில் நீர் எடுக்கும்போது பாட்டிலில் எண்ணை ஒட்டுவீர்கள். அதோடு குறிப்பேட்டில் அந்த வீட்டுக்காரரின் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். சோதனை முடிவு வரும் நாளில் கட்டுரை எழுத உட்காருவதற்கு முன், முதல் அழைப்பு அந்த எண்ணுக்குப் போகட்டும்.